மூழ்கிய கிரைண்டர் மோட்டார்: 36 நாள் கதை

2024 பொங்கலன்று காலை மூன்றரை மணிக்குச் சுவிட்சைப் போட்டோம். 10 லிட்டர் கிரைண்டர் ஒரு முனகலும் இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது. வெள்ளத்தில் முழுகி, டிசம்பர் 10-ஆம் தேதி சேற்றோடு கழற்றிய மோட்டார் அது. நடுவில் ஒரு தடவை கைவிட்டேன், ஒரு தடவை தப்பாக மாட்டினேன், தொடக்கத்திலேயே ஒரு முக்கியமான வேலையைச் செய்யாமல் விட்டேன். இனி யாருக்காவது பயன்படலாம் என்பதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கிரைண்டர் எங்களுடையது இல்லை. மாடியில் குடியிருக்கும் மாவு அக்காவுடையது. சென்னைத் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர் பக்கம் எங்கள் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மாவு அக்காதான். கீழே, படிக்கட்டை ஒட்டிய தகர ஷெட்டில் தினமும் சாயங்காலம் இட்லி மாவு அரைப்பார். கணவர் போன பிறகு பத்து வருஷமாக அந்தக் கல்தான் அவருக்குச் சோறு போடுகிறது.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் வருகிறது என்று தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை வியாபாரத்துக்காக அக்கா எட்டுக் கிலோ அரிசி போட்டு அரைத்து முடித்திருந்தார். ராத்திரி மழை பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது நானும் அக்காவும் கிரைண்டரின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரண்டு செங்கல் வைத்தோம். எண்பது கிலோவுக்கு மேல் எடை. இரண்டு பேரால் அதற்கு மேல் முடியவில்லை. 2015 வெள்ளத்தின் கோடு எங்கள் சுவரில் பெயின்டுக்கு அடியில் இன்னும் மங்கலாகத் தெரியும். இந்தத் தடவை தண்ணீர் அதற்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. இரண்டு செங்கல் எந்த மூலைக்கு?

ஆறு நாள் அக்கா வீட்டில் இருந்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர். ஒரே ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. இரண்டு அலுமினியக் குண்டான் நிறைய மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அக்கா கேஸைப் பற்றவைத்து இட்லி ஊற்ற ஆரம்பித்தார். எதிர் வீட்டு மொட்டைமாடி வரைக்கும் கயிறு கட்டி, வாளியில் இட்லி போனது. "விக்கிற மாவாச்சே, ஏம்மா?" என்று அம்மா கேட்டார். "புளிச்சா கொட்டத்தானே போறேன், சாப்பிடுங்கம்மா" என்றார். செவ்வாய் சாயங்காலம் நன்றாகப் புளித்துவிட்டது. மிச்சத்தில் வெங்காயம் அரிந்து போட்டு ஊத்தப்பமாகச் சுட்டார். அதோடு மாவு தீர்ந்தது. யாரிடமும் பத்துப் பைசா வாங்கவில்லை. அத்தனை நேரமும் அவருடைய கிரைண்டர் கீழே சாக்கடைத் தண்ணீரில் முழுகிக் கிடந்தது.

எங்களுக்கு அது ஏற்கெனவே சரியில்லாத வருஷம். ஆடி மாதம் அப்பா தவறிவிட்டார். முப்பது வருஷம் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது, அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தது, அவ்வளவுதான் என் அனுபவம். நன்றி என்று அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கிரைண்டரை நான் பார்த்துத் தருகிறேன் என்றேன்.

டிசம்பர் 10 காலையில் வேலை தொடங்கியது. கட்டிலுக்கு அடியில் இருந்த அப்பாவின் டூல் பாக்ஸும் முழுகியிருந்தது. ஸ்பேனர்களைத் துடைத்ததும் சரியாகிவிட்டன. பேரிங்கை இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லர் மட்டும் துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டதும் மறை இளகிச் சுற்றியது. மோட்டார் ஒரு ஹெச்.பி., சிங்கிள் பேஸ், 1440 சுற்று. நாலு போல்ட்டில் மூன்று கழன்றன, நாலாவதை ஆக்ஸா பிளேடால் அறுத்தோம். சைடு கவரைத் திறந்ததும் அரை டம்ளர் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. காயிலின் இடுக்குகளில் எல்லாம் சேறு அப்பியிருந்தது. உள்ளே சுற்றுகிற ரோட்டாரைத் தனியே எடுத்து வைத்தேன்.

இங்கேதான் முதல் தப்பு. ஈரமான மோட்டாரில் மேலும் தண்ணீர் ஊற்ற மனது வரவில்லை. பிரஷ்ஷால் சேற்றைத் தட்டிவிட்டு மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். மல்டிமீட்டரில் காயிலுக்கும் பாடிக்கும் நடுவே எதுவும் காட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று நினைத்து, மாட்டி, 12-ஆம் தேதி எதிர் வீட்டு லைனில் கொடுத்துப் பார்த்தேன். கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் இ.எல்.சி.பி. சுவிட்ச் உடனே விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. அந்த வீட்டில் இ.எல்.சி.பி. இருந்ததால் பிழைத்தோம். இல்லாவிட்டால் ஸ்டீல் பாடியில் கரண்ட் ஏறி நின்றிருக்கும். மல்டிமீட்டருக்குள் இருப்பது 9 வோல்ட் பேட்டரி. 230 வோல்ட்டில் கசிகிற இடம் அதற்குத் தெரியாது. அதற்கு, அதிக வோல்ட் கொடுத்துக் கசிவை அளக்கும் மெக்கர் வேண்டும்.

கம்பெனி மெயின்டனன்ஸில் கேட்டதும் 500 வோல்ட் மெக்கரை ஒரு வாரத்துக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள். வெப்பம் பார்க்கிற கன்னையும் கூடவே கொடுத்தார்கள். மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சரைக் கழற்றிவிட்டுக் காயிலை மட்டும் அளந்தேன். 0.08 மெகா ஓம். எண் கூடக் கூடக் கசிவு குறைவு என்று அர்த்தம், குறைந்தது 1 வேண்டும்.

மறுபடி பிரித்தேன். இந்தத் தடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு குழாயடியில் வைத்து நல்ல தண்ணீரால் கழுவினேன். பழைய டூத் பிரஷ், தண்ணீர், மறுபடி தண்ணீர். ஆறாவது வாளியில்தான் தெளிந்த தண்ணீர் வடிந்தது. வெயிலில் காய்ந்துபோன சேறு காயிலுக்குள் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஈரமாக இருந்தபோதே கழுவியிருந்தால் மூன்றாவது வாளியிலேயே போயிருக்கும். வெள்ளத்தில் போன மோட்டாரை முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் காயவைக்க வேண்டும். சேற்றில் இருக்கும் உப்பு ஈரத்தை விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது.

காயவைக்க ஒரு அரிசி டிரம். தகர டிரம்தான், பிளாஸ்டிக் ஆகாது. அடியில் செங்கல் அடுக்கி, காயில் இருக்கும் வெளிப்பகுதியான ஸ்டேட்டரை அதன் மேல் வைத்து, இரண்டு பக்கமும் 100 வாட் குண்டு பல்பு ஒவ்வொன்று. மூடியில் ஆணியால் பத்து ஓட்டை, ஈரம் வெளியே போக. எல்லாக் கடையிலும் இப்போது எல்.இ.டி.தான். குண்டு பல்புக்காகத் தாம்பரத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு பழைய கடைக்காரர் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார், ஒன்று 40 ரூபாய்.

அக்கா வீட்டு மீட்டர் பெட்டிக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. மூன்றாவது வீட்டிலிருந்து ஒயர் இழுத்தோம். பல்பை எரியவிட்டுவிட்டுத் தூங்க முடியாது, யாராவது விழித்திருக்க வேண்டும். யாரையும் நான் கேட்கவில்லை. பத்து மணி வரை எதிர் வீட்டு டெய்லர், அப்புறம் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் பையன் படித்துக்கொண்டே இரண்டு மணி வரை, அதன் பிறகு நான். விடியற்காலை நாலரைக்கு அக்கா டீயோடு வந்து என்னைப் போய்ப் படுக்கச் சொல்வார். ஆறு வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறேன். டெய்லரின் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம் என்பதே அந்த டிரம் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அவருடைய மூன்று மெஷினும் தண்ணீரில் போயிருந்தன.

வெப்பம் 70 டிகிரி பக்கம் நின்றது. பன்னிரண்டு மணி நேரம் கழித்து மெக்கர் வைத்தேன். 0.05. ஏற வேண்டியது இறங்கியிருந்தது. காயில் போய்விட்டது என்று முடிவு செய்து பல்பை அணைத்தேன். மறுநாள் ஸ்டேட்டரைப் பைக்கில் கட்டிக்கொண்டு, காயிலைப் புதிதாகக் கட்டித் தரும் ரீவைண்டிங் கடைக்குப் போனேன். நடைபாதை முழுக்க வெள்ளத்தில் போன போர்வெல் பம்பும் மோட்டாரும் வரிசை கட்டியிருந்தன. ரீவைண்டிங் 3,200 ரூபாய், பத்து நாள் ஆகும். நான் போட்டிருந்த கணக்குக்கு அது அதிகம். கடைக்காரர் என் அப்பா வயதுக்காரர். காயிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூக்கருகே வைத்து மோந்தார். "எரியவே இல்லையேப்பா, இதை எதுக்குப் பிரிச்சுக் கட்டணும்? சூடு ஏறும்போது உள்ள இருக்கிற ஈரம் கிளம்பும். இறங்கிட்டுத்தான் ஏறும். நடுவுல நிறுத்தாம போடு" என்றார். பணம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த மோட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டார். அத்தனை நெருக்கடியில் 3,200 ரூபாய் வேலையை வேண்டாம் என்று அனுப்பி வைத்த அவரை நான் மறக்க மாட்டேன்.

திரும்பவும் டிரம்மில் வைத்தேன். 24 மணி நேரத்தில் 0.4. 36-இல் 2. 60 மணி நேரத்தில் அணைத்து, நன்றாக ஆறவிட்டு அளந்தபோது 20 மெகா ஓம். செலவான கரண்ட் 12 யூனிட். கரண்ட் கொடுத்த வீட்டில் காசு கொடுக்கப் போனால் அந்த அம்மா கதவைச் சாத்துவதுபோல் பாவனை செய்தார். அப்புறம் காயில் முழுக்க இன்சுலேட்டிங் வார்னிஷ், காற்றில் காய்கிற ரகம். ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு கோட்.

பேரிங் இரண்டு பக்கமும் 6204 நம்பர். கையால் சுற்றினாலே மணல் நறநறத்தது. கழுவிப் போடலாமா என்று யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிட வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்த ரகமாகக் கேட்டு வாங்கினேன். ஒன்று 190. பழையதை எடுக்க அப்பாவின் புல்லர் அரை மணி நேரம் பாடுபட்டது. புதியதை ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும்தான் அடி விழ வேண்டும், வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடும் தடத்தில் தழும்பு விழும். அப்பா இதற்கென்றே ஒரு ஜி.ஐ. பைப் துண்டு வைத்திருந்தார். ஒரு முனையை அரத்தால் மட்டமாக ராவி, மறுமுனையில் சுத்தியல் அடித்து அடித்து விளிம்பு மடங்கிப்போன துண்டு. ஒன்பது வயதில் அதை என் கையில் கொடுத்து, "நேராப் பிடி, சாய்ஞ்சா பேரிங் சாகும்" என்பார். இந்தத் தடவை பிடிக்கவும் அடிக்கவும் நான் ஒருவனே. என் பெரிய மகளைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னேன். நேராகப் பிடித்தாள்.

டிசம்பர் 24 சாயங்காலம் மாட்டி சுவிட்சைப் போட்டேன். இ.எல்.சி.பி. விழவில்லை. ஆனால் மோட்டார் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. ஷாஃப்டைக் கையால் லேசாகச் சுற்றிவிட்டதும் ஓடியது. அப்படியானால் காயில் நல்லது, ஸ்டார்ட்டிங் பக்கம்தான் கோளாறு. பழைய கண்டன்சர் உப்பியிருந்தது. கூடவே, வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டித்துவிடும் சென்ட்ரிபியூகல் சுவிட்சின் முனைகளில் பச்சை பூத்திருந்தது. ஜீரோ நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 80-100 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) கண்டன்சர் புதிதாகப் போட்டதும் தானாகக் கிளம்பியது. ஆனால் தலைகீழாகச் சுற்றியது! பிரிக்கும்போது ஒயர்களுக்கு அடையாளம் வைக்காததன் பலன். ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனையை மாற்றிக் கொடுத்தால் போதும், பத்து நிமிஷ வேலை. எது ஸ்டார்ட்டிங், எது ரன்னிங் என்று மறுபடி ஓம் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பிரிப்பதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். அன்று ராத்திரி கடைசி வீட்டில் மூங்கில் கழியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டினார்கள், டிரம்முக்கு இழுத்த அதே ஒயரில்தான். கேக் வந்தது. மசகுக் கையோடு நான் நின்றதால் அந்த வீட்டுப் பையனே என் வாயில் ஒரு துண்டை ஊட்டிவிட்டான்.

மோட்டாரைப் போலவே கல்லும் பல நாள் எடுத்தது. சாக்கடை ஊறிய கல்லில் சாப்பிடுகிற மாவை அரைக்க வேண்டும். இதை அக்கா என் கையில் விடவில்லை. சோடா உப்பு போட்ட கொதிதண்ணீர், தேங்காய் நார், அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் நாலு மணி நேரம், இரண்டு நாள் வெயில். மறுபடி முதலிலிருந்து. பிறகு தவிடும் கல்லுப்பும் போட்டு அரைத்தார். சாம்பல் நிறத்தில் வந்தது, கொட்டினார். மூன்றாவது தடவை தவிட்டின் நிறம் மாறவில்லை. அதன் பிறகு குருணை. வெள்ளையாக வந்தது, ஆனால் மோந்து பார்த்துவிட்டு அதையும் கொட்டினார். நாற்றம் கல்லில் இல்லை, குழவிப் பிடியில் இருந்த நைலான் புஷ்ஷில். அதை மாற்றிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. பத்து வருஷம் மாவோடு இருந்தவருக்குத் தெரிந்தது.

பெல்ட்டையும் மாற்றினோம். இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்க நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்குகிற அளவுக்கு இழுத்தேன். காலியாக இரண்டு மணி நேரம் ஓட்டியதில் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 4.5 ஆம்பியர், அரிசியோடு 6. மோட்டார் மேல் கை வைத்தால் வைத்தபடியே இருக்க முடிந்தது. ஜனவரி 5-ஆம் தேதி அக்கா வியாபாரத்தை ஆரம்பித்தார்.

செலவு: பேரிங் இரண்டு 380, கண்டன்சர் 210, பெல்ட் 280, வார்னிஷ் 340, பல்பு 80, பிளக்கும் ஒயரும் 140, புஷ் 90, சோடா உப்பு, பிளீச்சிங் வகையறா 90. மொத்தம் 1,610 ரூபாய். இதே அளவு கிரைண்டர் புதிதாக வாங்கினால் இருபதாயிரத்துக்கு மேல். ரேஷன் கடையில் வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் கொடுத்த அன்றே அக்கா அதிலிருந்து இரண்டாயிரத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அதற்குள் டெய்லர் வீட்டுக்கு வீடு நூறு, இருநூறு என்று வசூலித்து 1,900 வைத்திருந்தார். அவருடைய மெஷின்கள் இன்னும் சரியாகாத நேரம் அது. மிச்சம் 290 ரூபாய் அவரிடமே இருக்கட்டும், அடுத்து அந்த மெஷின்களைப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

போகிக்கு எரிக்க எங்கள் தெருவில் பழசு எதுவும் மிச்சமில்லை. பாய், மெத்தை, துணி எல்லாம் டிசம்பரிலேயே தெருமுனைக்குப் போய்விட்டன. பாதி வீடுகளில் ஃபிரிட்ஜும் மிக்ஸியும் இன்னும் வேலைக்கு வரவில்லை. பொங்கல் வடைக்கு யாரும் உளுந்து அரைத்து வைக்க முடியாது. "ராத்திரி ஊறப்போட்டுட்டுத் தூங்குங்க, விடிகாலையில கொண்டு வாங்க" என்று அக்கா சொல்லிவிட்டார்.

மூன்றரை மணிக்கு ஷெட் வாசலில் பன்னிரண்டு பாத்திரங்கள். தூக்கு, குண்டான், பிளாஸ்டிக் டப்பா. 10 லிட்டர் கல்லில் அரைக் கிலோ உளுந்தைப் போட்டால் ஓரத்தில் அப்பிக்கொண்டு சும்மா சுற்றும், அரைபடாது. அக்கா எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். ஒவ்வொரு பாத்திரத்திலும் எத்தனை ஆழாக்கு இருக்கிறது என்று என் மகளிடம் எழுதச் சொன்னார். எல்லா உளுந்தையும் ஒன்றாகக் கொட்டினார். ஐந்தரைக் கிலோ, இரண்டு தடவையாக அரைத்தார். எங்கள் உளுந்து தனியாக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து அரைத்தார். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத் தண்ணீரில் போட்டுக் காட்டினார், மிதந்தது. கணக்குப் பார்த்து அதே பாத்திரங்களில் அளந்து கொடுத்தார். ஐந்தரைக்குக் கல்லைக் கழுவி முடித்தோம்.

வரிசையில் எங்கள் வீட்டுப் பாத்திரம் இல்லை. அப்பா தவறி ஒரு வருஷம் ஆகவில்லை, எங்களுக்குப் பண்டிகை கிடையாது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம். மாவு அக்கா கையில் வாழை இலை மூடிய தட்டு. அவருக்குப் பின்னால் டெய்லர் வீட்டம்மா, அவருக்கும் பின்னால் கேக் கொடுத்த வீட்டுப் பையன். மத்தியானத்துக்குள் எங்கள் மேசையில் ஏழு வீட்டுச் சர்க்கரைப் பொங்கல். வெல்லம் தூக்கலாக ஒன்று, பச்சைக் கற்பூரம் மணக்கிற ஒன்று, குழைந்துபோனது ஒன்று. வடை எல்லாத் தட்டிலும் ஒரே ருசியாக இருந்தது. அம்மா ஏழிலும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். "உங்கப்பா இருந்திருந்தா அந்த மோட்டாரை நாலு நாள்ல முடிச்சிருப்பார்" என்றார். ஆமாம், முடித்திருப்பார்.

அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டியவை. போல்ட்டுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிட்டேன், நட்டில் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன். ஒயரை நேராக இழுக்காமல் நடுவே பிளக் கொடுத்து, காயில் முனைகளுக்குக் கலர் டேப் சுற்றியாகிவிட்டது. பொங்கல் லீவில் ஒத்திகை பார்த்தோம். அக்கா தனியாக மோட்டாரைக் கழற்றி எடுக்க 11 நிமிஷம் ஆனது. மோட்டார் 15 கிலோவுக்குள்தான், டெய்லர் பையன் மாடிக்குத் தூக்கிவிடுவான். கல் முழுகினால் கழுவிக்கொள்ளலாம். கிரைண்டருக்கு மூன்றடி உயரத்தில் இரும்பு ஆங்கிள் மேடை போடலாமா என்று யோசித்தோம். அவ்வளவு உயரத்தில் அக்காவால் எட்டி மாவு வழிக்க முடியாது. அதனால் ஒன்றரை அடி மேடை, பக்கத்தில் நிற்க ஒரு படி. ஆங்கிள் வாங்கி ஷெட்டில் சாய்த்து வைத்திருக்கிறது. பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை வெல்டிங்.